அந்தமான் உலைக்களம்

சங்கப் புலவர் நிரலில் கொல்லர் சிலரும் இடம்பெற்றுள்ளனர். குறுந்தொகைச் செய்யுள் ஒன்றைப் பாடியவர் மதுரைப் பெருங்கொல்லன் எனும் பெயரினர். படைக்கலம் வடிப்பதைக் கொல்லனது கடமையாகப் புறநானூறு வகுத்துரைக்கிறது. இரும்படித்த கைக்குப் பாட்டிலும் இடமளித்த மரபு நம்முடையது. அந்தமானில் இரும்படித்தவர்க்கோ அத்தகைய பேறு கிட்டவில்லை. அவர்தம் வேலை நிற்கிறது, பெயர் நிற்கவில்லை.

இத்தீவுகளின் முதற்கொல்லர் உலை அறியாதவர். அந்தமானின் பழங்குடியினர் தாதுவை உருக்கி இரும்பு எடுத்தவரல்லர். கரையில் உடைந்தொதுங்கிய கப்பல்களின் ஆணியும் பட்டையுமே அவர்தம் சுரங்கம். அவற்றைத் தீயில் இடாமல், கல்லால் தட்டியும் தேய்த்தும் பன்றி வேட்டைக்குரிய அம்புமுனைகளாக்கினர். மரங்குடையும் வாய்ச்சிகளாகவும் ஆக்கினர். காய்ச்சாத இரும்பு எளிதில் வளையாது. பெரிதும் பொறுமை வேண்டும் வேலை அது. நாகரிகம் என்பதை உலையின் வெப்பங் கொண்டு அளப்போர் இக்கைத்திறனைக் கருதிப் பார்த்தல் நன்று.

1858 மார்ச்சில் மருத்துவர் வாக்கர் இருநூறு கைதிகளுடன் போர்ட் பிளேயரில் வந்திறங்கினார். அன்று தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்திற்குக் கோடரியும் மண்வெட்டியும் எத்துணை இன்றியமையாதனவோ, விலங்கும் அத்துணை இன்றியமையாததாயிற்று. கணுக்காலில் வளையம் பூட்டி, அதிலிருந்து இடுப்புவரை இரு கம்பிகள் செல்லும் வகை ஒன்று. இரு கால்களும் ஒன்றோடொன்று நெருங்காவண்ணம் இடையே குறுக்குக் கம்பி நிறுத்துவது மற்றொரு வகை. கழுத்திலும் இரும்பு வளையம். அதில் எண் பொறித்த மரவில்லை. வளையத்தின் வாயைத் தறைந்து மூடுவதும், விடுதலை நாளில் உளி வைத்து வெட்டுவதும் கொல்லன் வேலை. ஒரே சம்மட்டி இரண்டுக்கும் போதும்.

1896 முதல் 1906 வரை எழுந்த செல்லுலார் சிறையில் இத்தொழிலின் கொடிய நுட்பத்தைக் காண்கிறோம். நடுக்கோபுரத்தினின்று ஏழு சிறகுகள் விரிந்தன, ஒவ்வொன்றும் மூன்றடுக்கு. அறைதோறும் இரும்புக் கம்பிக் கதவு. ஆயினும் வியப்புக்குரியது கதவன்று, தாழே. தாழ்க்கோல் கதவைத் தாண்டி நீண்டு, பக்கச் சுவரில் குடைந்த மாடத்துள் சென்று பூட்டுடன் சேர்கிறது. உள்ளிருப்பவன் கம்பிகளினூடே கையை எவ்வளவு நீட்டினும் பூட்டு எட்டாது. மனிதக் கையின் நீளத்தை அளந்தறிந்து, அதனை வெல்லும்படி வடிக்கப்பட்ட இரும்பு அது. கொடியும் சுருளும் முறுக்கி மாளிகைப் பலகணிகளை அழகு செய்யும் அதே கலையறிவு இங்கே வேறு பணிக்கு ஆட்பட்டது.

இத்துணை இரும்பு வேலைக்கும் தேர்ந்த கைகள் எங்கிருந்து வந்தன? ஃபீனிக்ஸ் விரிகுடாவில் அரசுப் பட்டறைகள் நடைபெற்றன. தலைமை ஆணையர் சர் ரிச்சர்டு டெம்பிள் காலத்துப் பதிவுகள், கைதிகள் செய்த தொழில்களை நீண்ட பட்டியலாகத் தருகின்றன. மரவேலை, கப்பல் கட்டுதல், நெசவு, தோல் பதனிடுதல் ஆகியவற்றோடு உலோக வேலை, உருவரைதல், செதுக்குவேலை, உலோகத் தகட்டைத் தட்டி உருவமைத்தல் என்பனவும் அதில் உண்டு. எனவே தேவைக்குரிய வேலையோடு அலங்கார வேலையும் இங்குப் பயிலப்பட்டதெனக் கருத இடமுண்டு. மேற்பார்வைச் சிறு பதவிகள் கைதிகளுக்கே அளிக்கப்பட்டமையால், தொழிலறிந்த கைதியே அறியாத கைதிக்கு ஆசானாயிருந்திருத்தல் வேண்டும். இரும்பு செந்நிறம் கடந்து மஞ்சளாகும் கணத்தை ஏட்டில் எழுதிக் கற்பிக்க இயலாது. அருகில் நின்று, "இப்போது அடி" என்று ஒருவர் சொல்லவேண்டும்.

இதனை அரசின் கருணையென எழுதுவாரும் உளர், அவ்வாறு கொள்வதற்கில்லை. தன் தேவைகளைத் தானே நிறைவு செய்யும் குடியேற்றமே ஆட்சியாளர் நாடியது. எனினும், கற்ற தொழில் கற்றவனுக்கே உரியது. அக்கால விதிப்படி ஆண் கைதிக்கு முதல் ஆறு திங்கள் தனிச்சிறை. அடுத்த ஒன்றரை ஆண்டு கூட்டுச்சிறை. பின்னர் மூவாண்டு வெளிவேலை. அதன்பின் ஐந்தாண்டு சற்றே இலகுவான உழைப்பு. பத்தாண்டு கழித்தவன் அனுமதிச் சீட்டுப் பெற்றுத் தன் உழைப்பால் தானே வாழலாம், மணம் செய்யலாம். தீவை விட்டு நீங்குதல் மட்டும் இயலாது. நிலமுள்ளவன் உழுதான். உலையறிந்தவனுக்கு ஒரு துருத்தியும் அடைகல்லும் இருந்தாற் பிழைப்பு உண்டு. விலங்கு சுமந்த கை, அண்டை வீட்டானின் அரிவாளுக்கு வாய் தீட்டியிருக்கும்.

1945இல் தண்டனைக் குடியேற்றம் முடிவுற்றது. நம்மவரிற் பலர் கட்டடத் தொழிலுக்கும் வாணிபத்திற்கும் அதன்பின் இங்கு வந்தவர். 1964ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை உடன்படிக்கையால் தாயகம் திரும்பிய தமிழர் சிலர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களிற் குடியமர்ந்தனர். உறவினர் வந்தால் செல்லுலார் சிறைக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கமாகிவிட்டது. ஏழு சிறகுகளில் மூன்றே எஞ்சியுள்ளன. 1979இல் அது நாட்டு நினைவகமாயிற்று. நடுக்கோபுரத்தின் பளிங்குப் பலகைகளில் அங்கே சிறையிருந்த விடுதலை வீரர் பெயர்களைப் பிள்ளைகள் நின்று படிக்கிறார்கள். கீழே இறங்கும்போது ஏதேனும் ஓர் அறைக்குள் அவர்களை நிற்கச் சொல்லி, கம்பிகளினூடே கையை நீட்டித் தாழைத் தொட முயலுமாறு கூறுங்கள்.