மார்புச் சுவர் நாடியும் மாரடைப்பும்

மார்பென்பின் இரு மருங்கிலும், அதன் விளிம்பிலிருந்து ஒரு விரலளவு தள்ளி, விலாவென்புகளின் உட்புறமாக ஒவ்வொரு நாடி கீழ்நோக்கிச் செல்கின்றது. உள்மார்பு நாடி என்பது அதன் பெயர். மார்புச் சுவருக்கு இரத்தம் ஊட்டுவதே அதன் தொழில். குறுக்களவோ இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். அதனைப் பிரித்தெடுத்தாலும் மார்புச் சுவர் வேறு குழாய்கள் வாயிலாக இரத்தம் பெற்றுக்கொள்ளும். இத்துணைச் சிறிய நாடி, இருதய நோயாளர் பல்லாயிரவரின் ஆயுளை நீட்டிய வரலாறு நேர்வழியில் நடந்ததன்று.

இருதயம் உடலெங்கும் இரத்தத்தை அனுப்பினும், தன் தசைக்கு வேண்டியதை முடியுருநாடிகள் வாயிலாகவே பெறுகின்றது. அவற்றின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கினால் நெஞ்சுவலி. முற்றாக அடைபட்டால் மாரடைப்பு. அடைப்புக்கு அப்பால் வேறொரு வழியால் இரத்தத்தைக் கொண்டுசெல்லலாம் என்னும் எண்ணம் பழையது. அலெக்சிஸ் கரெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1910ஆம் ஆண்டளவிலேயே நாய்களில் அதனைப் பரிசோதித்தார்.

முதலில் அகப்பட்ட வழி பிழையான வழி. 1939இல் இத்தாலியரான பியெஸ்கி, உள்மார்பு நாடிகளைக் கட்டிவிட்டால் தடைப்பட்ட இரத்தம் இருதயத்தை நோக்கித் திரும்பும் என்று கருதினார். 1950களில் இச்சிகிச்சை அமெரிக்காவிற் பரவியது. வலி தணிந்தது என்று நோயாளர் பலர் மனமாரச் சொன்னார்கள். சியாற்றில் நகர வைத்தியர் லெனாட் கொப் அதனை நம்பிவிடவில்லை. பதினேழு நோயாளருள் எட்டுப் பேருக்கு நாடியைக் கட்டினார். ஒன்பது பேருக்குத் தோலை மாத்திரம் வெட்டித் தைத்தார். யாருக்கு எது என்பது நோயாளருக்குத் தெரியாது. வலி தணிந்ததோ இரு சாராருக்கும் ஒருபடித்தாகவே! 1959இல் இம்முடிவு வெளிவர, அச்சிகிச்சையும் மறைந்தது. நோயாளருக்குச் சொல்லாமல் இவ்வாறு செய்தது முறையோ என்று நாம் கேட்கலாம். ஆயினும் பயனற்ற வெட்டிலிருந்து எத்தனையோ பேரைக் காத்தது அந்தச் சோதனையே.

கனடாவின் மொன்றியால் நகரில் ஆதர் வைன்பேர்க் வேறு வழி கண்டார். நாடியைக் கீழ்முனையில் அறுத்து, இருதயத் தசைக்குள் ஒரு துளை செய்து அதனுள்ளே புதைத்தார். 1946இல் நாய்களிலும் 1950இல் மனிதரிலும் அவர் இதனைச் செய்தார். முதல் நோயாளி பிழைக்கவில்லை. தசைக்குள் இரத்தம் கட்டியாகிவிடும் என்று பலரும் நகைத்தனர். ஆனால் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் 1958இல் முடியுருநாடிகளைக் கதிர்ப்படத்திற் காணும் வழியைக் கண்டிருந்தார். புதைத்த நாடியிலிருந்து இருதயத்தின் நாடிகளுக்கு இரத்தம் செல்வதை 1962இல் அப்படங்கள் காட்டின.

நாடியோடு நாடியை நேரே பொருத்துவதே அடுத்த படி. 1953இல் சோவியத்து நாட்டின் டெமிக்கோவ் நாய்களில் இதனைச் செய்தார். மனிதரில் முதலிற் செய்தவர் றொபேட் கெட்ஸ். ஜேர்மனியிற் பிறந்து, தென்னாபிரிக்காவில் ஒட்டகச்சிவிங்கியின் இரத்தவோட்டத்தை ஆராய்ந்த விசித்திர மனிதர். 1960 மே 2ஆம் திகதி நியூயோர்க்கில், முப்பத்தெட்டு வயது நோயாளி ஒருவருக்குத் தந்தலம் என்னும் உலோக வளையத்தின் துணையோடு இரு நாடிகளையும் இணைத்தார். பின்னர் எடுத்த படத்தில் வழி திறந்தேயிருந்தது. ஆயினும் உடன் வைத்தியர்களின் கண்டனம் பலமாயிருந்தது; அவர் மறுமுறை அதனைச் செய்யவில்லை.

1964 பெப்ரவரி 25ஆம் திகதி லெனின்கிராட்டில் வசிலி கொலெசோவ், துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்திலேயே, செயற்கை இருதய இயந்திரமின்றி, ஊசியும் நூலும் கொண்டு நாடிகளைத் தைத்தார். நம் கருத்தில் இவ்வரலாற்றின் மிகத் துணிந்த செயல் இதுவே. அவருடைய நாட்டிலேயே அதற்கு மதிப்புக் கிட்டவில்லை.

உலகெங்கும் பரவியதோ கால் நாளம். 1967இல் ஆர்ஜென்டீனரான றெனே பவலோறோ கிளீவ்லாந்தில் அதனைக் கொண்டு வழியமைத்தார். நாளம் நீளமானது, எடுப்பதும் தைப்பதும் இலகு. மார்பு நாடியோ மென்மையானது, நேரமும் பொறுமையும் வேண்டுவது. 1968இல் நியூயோர்க்கில் ஜோர்ஜ் கிறீன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு அதனைத் தைத்தார், பின்பற்றியவர் சிலரே.

காலந்தான் தீர்ப்பளித்தது. தாழ்ந்த அமுக்கத்துக்குப் பழகிய நாளம், நாடியின் அமுக்கத்தைத் தாங்கமாட்டாமல் தடித்து, பத்தாண்டுகளில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி அடைபட்டுவிடும். மார்பு நாடியின் உட்படை நைத்திரிக் ஒக்சைட்டை நிறையச் சுரந்து குழாயை விரித்துக் காக்கின்றது. அதனாற் பத்தில் ஒன்பதுக்கு மேல் திறந்தேயிருக்கும். 1986இல் கிளீவ்லாந்தின் பிளொயிட் லூப் குழுவினர் வெளியிட்ட கணக்கில், மூன்று நாடிகளும் நோயுற்றவருள் மார்பு நாடி பெற்றோர் 82.6 வீதத்தினரும், நாளம் மாத்திரம் பெற்றோர் 71 வீதத்தினரும் பத்தாண்டுகள் வாழ்ந்திருந்தனர். அன்றிலிருந்து இடது மார்பு நாடியை இருதயத்தின் முன்புற நாடியோடு இணைப்பது வழமையாயிற்று.

இரண்டு மார்பு நாடிகளையும் எடுத்தால் இன்னும் நன்றோ? நீரிழிவுள்ளோருக்கு மார்பென்பின் காயம் ஆறுவது கடினமாகும் என்ற அச்சம் உண்டு. 3102 நோயாளரைப் பத்தாண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரு நாடிக்கும் இரு நாடிக்கும் ஆயுளிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு அதிற் காணப்படவில்லை. ஆனால் இரு நாடிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட சிலர் ஒன்றையே பெற்றிருந்தனர். ஒரு நாடிக்காரர் சிலருக்குக் கையின் நாடியும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. ஆதலால் சத்திரவைத்தியரிடையே அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.