உப்புக்காக ஒரு போர் – 4: செஸ்ட்நட் குன்று

1864 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரின் காலம். அப்பலாச்சிய மலைகளுக்கு நடுவே, வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் சால்ட்வில். கிளிஞ்ச் மலையிலும் லாரல் கணவாயிலும் தெற்கின் கில்ட்னருடைய குதிரைப்படை மறித்து மறித்துப் பின்வாங்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சின்னச் சின்ன மறியல்களில் ஒரு பகல் முழுக்கக் கழிந்துபோனது. முந்தைய நாளே நுழைந்திருந்தால் வடக்கின் ஜெனரல் பர்பிரிட்ஜ் எதிரே கண்டிருக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் காவல்படையின் கிழவர்களும் மீசை முளைக்காத பையன்களும்தான். விடிந்தபோது குன்றுகளின்மேல் வேறு ஆட்கள் நின்றார்கள். தெற்கின் ஜெனரல் ஜான் வில்லியம்ஸ் தன் குதிரைப்படையோடு வந்து சேர்ந்துவிட்டார்.

இத்தனை பேரையும் இந்த மலைக்கு இழுத்து வந்தது உப்பு. குளிர்பதன வசதி இல்லாத காலம் அது. படைவீரனின் பன்றியிறைச்சி கெடாமலிருக்க உப்பு வேண்டும், தோல் பதனிட உப்பு வேண்டும். போருக்கு முன்பு தெற்கு மாநிலங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் உப்பைத்தான் பெரிதும் நம்பியிருந்தன. வடக்கின் கடற்படை துறைமுகங்களை வளைத்துக்கொண்டதும் அந்த வழி அடைபட்டது. அதன்பின் அவர்களுக்கு இருந்த பெரிய கதி சால்ட்வில். கடலோர உப்பளம்போல இங்கே பாத்தி கட்டி வெயிலில் காயவிடுவதில்லை. கிணற்றிலிருந்து உப்புநீரை இறைத்து, அடுப்புகளில் வரிசையாக ஏற்றிய இரும்புக் கொப்பரைகளில் காய்ச்சி எடுப்பார்கள். அந்த நெருப்பின் பக்கத்தில் நின்று உழைத்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள்.

அடிமைகளாக இருந்தவர்கள் அன்று மலையின் இந்தப் பக்கத்திலும் இருந்தார்கள், கையில் துப்பாக்கியோடு.

பர்பிரிட்ஜின் ஏறத்தாழ 5,000 பேரில் சுமார் 400 பேர் 5ஆவது கறுப்பினக் குதிரைப்படையைச் சேர்ந்தவர்கள். இந்தப் போரின் நாயகர்கள் என்று நான் கருதுவது இவர்களைத்தான். இவர்கள் வந்த கென்டக்கி, தெற்கோடு பிரிந்து போகாத மாநிலம். அதனாலேயே லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லவில்லை. கென்டக்கி அடிமைக்கு விடுதலை கிடைக்க இருந்த வழி ராணுவம். கேம்ப் நெல்சன் என்ற ராணுவ முகாமில் பெயர் கொடுத்தால் அவன் சுதந்திர மனிதன். அவன் மனைவி மக்களோ அப்போதும் எசமானின் சொத்தாகவே இருந்தார்கள். அப்படி வந்தவர்களை முறையான பயிற்சிகூடக் கொடுக்காமல் கூட்டி வந்திருந்தார்கள். அவர்களுடைய படைப்பிரிவு அதிகாரபூர்வமாக அமைக்கப்பட்டதே அக்டோபர் 24ஆம் தேதி, அதாவது போர் முடிந்து மூன்று வாரம் கழித்து! குதிரைகள் பழக்கப்படாதவை. கையில் இருந்ததோ காலாட்படையின் என்ஃபீல்ட் துப்பாக்கி. குழல்வாய் வழியாக மருந்து கெட்டித்து ஏற்ற வேண்டிய அதைக் குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு கையாளவே முடியாது.

வழிநெடுக அவர்களைக் கேலி செய்தவர்கள் எதிரிகள் அல்ல, கூடவே வந்த வெள்ளை வீரர்கள். தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கினார்கள், குதிரைகளைத் திருடினார்கள். இவர்கள் பதில் பேசவில்லை என்று அவர்களோடு சென்ற கர்னல் ஜேம்ஸ் பிரிஸ்பின் அறிக்கையில் எழுதினார்.

செஸ்ட்நட் குன்றின் அடிவாரத்தில் குதிரையை விட்டு இறங்கி, மேலே ஏறும்படி கட்டளை வந்தது. உச்சியில் தடுப்பு அமைத்துக் காத்திருந்தவர்கள் டென்னசிக்காரர்கள். கறுப்பின வீரர்களைக் கண்டதும் அவர்களுடைய வெறி கூடியது. இவர்கள் நிற்கவில்லை. ஓஹையோ, மிச்சிகன் வீரர்களோடு தோளுக்குத் தோள் ஏறி, தடுப்புகளிலிருந்து எதிரியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். 400 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சாய்ந்தார்கள்.

பிடித்த இடத்தைத் தக்கவைக்கத் தோட்டா இல்லை. பொழுது சாயும் நேரத்தில் வடக்குப் படையின் வெடிமருந்து தீர்ந்துகொண்டிருந்தது. உப்புக் கொப்பரைகளைத் தொடாமலே பர்பிரிட்ஜ் திரும்பிப் போக உத்தரவிட்டார். நடக்க முடியாத காயக்காரர்களைச் சில மருத்துவர்களோடு அங்கேயே விட்டுவிட்டுப் படை இருட்டில் நகர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறுப்பின வீரர்களில் கொஞ்சமாவது அசைய முடிந்தவர்கள் யாரும் பின்தங்கச் சம்மதிக்கவில்லை. கை போனவனும், நுரையீரலில் குண்டு பாய்ந்தவனும், இடுப்பில் சுடப்பட்டவனும் குதிரையில் வந்ததைப் பிரிஸ்பின் கண்ணால் பார்த்தார். அதே ஆண்டு ஏப்ரலில் டென்னசியின் பில்லோ கோட்டையில் சரணடைந்த கறுப்பின வீரர்களைத் தெற்குப் படை கொன்ற செய்தி நாடெங்கும் பரவியிருந்தது. வழியில் கேலி பேசிய வாய்கள், திரும்பும்போது பேசவில்லை.

அசைய முடியாதவர்கள் குன்றிலேயே கிடந்தார்கள்.

மறுநாள் காலை, தெற்குப் படையின் கென்டக்கிக் குதிரைவீரர் ஜார்ஜ் மாஸ்குரோவின் காதில் துப்பாக்கிச் சத்தம் விழுந்தது. முதலில் ஒன்றிரண்டாக, பிறகு தொடர்ந்து. எதிரி திரும்பி வந்துவிட்டான், சண்டை மறுபடி மூண்டுவிட்டது என்றே அவர் நினைத்தார். பர்பிரிட்ஜின் படையோ இரவோடு இரவாக வெளியேறிவிட்டது. எதிர்த்துச் சுட அந்தக் குன்றில் யாரும் இல்லை.

பின் யார் சுடுகிறார்கள்? யாரை?

மாஸ்குரோவ் குதிரையை அந்தத் திசையில் விரட்டினார். அங்கே சாம்ப் ஃபெர்கூசன் என்றொருவன் இருந்தான். ஓராண்டு கழித்து நாஷ்வில் நகரத்துத் தூக்குமேடையில் ஏறப்போகிறவன்.

(அடுத்த வாரம்)