பன்னிரண்டு வோல்ட் பாட்டு

ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணி பக்கம் போயிருக்கிறீர்களா? மலையடிவாரத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். அரக்கோணம், திருவள்ளூர் பக்கமிருந்தும், எல்லை தாண்டி நகரி, புத்தூர் பக்கமிருந்தும் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். மஞ்சள் வேட்டி, புஷ்பக் காவடி, கூடவே பாட்டு. ஒரு வண்டியில் தமிழ் முருகன், அடுத்த வண்டியில் தெலுங்கு சுப்ரமண்யம். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி இந்தப் பக்கம் கொண்டுவந்த ஊர்.

அந்த வேன்களில் எதையாவது எட்டிப் பாருங்கள். சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ, முதுகெல்லாம் வரிவரியாக அலுமினியத் தகடு வைத்த ஒரு கனத்த பெட்டி கிடக்கும். கார் ஆம்ப்ளிஃபையர். பாதிக்கு மேல் பழசு. பல கை மாறியது. ஒரு நாள் திடீரென்று கர்ர் என்று இருமும், அல்லது பொசுக்கென்று அணைந்துவிடும். உடனே நம்மாள் மெக்கானிக்கிடம் போய்ச் சொல்வது ஒரே வசனம்தான்: "ரிப்பேர் பண்றதுதான் பண்றீங்க, அப்படியே கொஞ்சம் பவரும் ஏத்திக் குடுத்துடுங்க!"

ஏற்றலாமா? அதற்குப் பதில் தெரிய, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1930. சிகாகோவில் கால்வின் சகோதரர்கள் ஒரு சின்ன கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார்கள். பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்த நேரம். பால் கால்வின் தன் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், வாசலில் நிறுத்திப் பாட வைத்தார். ஆர்டர் கிடைத்தது. மோட்டாரோடு, அந்தக் கால கிராமஃபோன் பெயர்களில் வரும் 'ஓலா'வைச் சேர்த்து ரேடியோவுக்கு ஒரு பெயர் வைத்தார். மோட்டரோலா. பின்னாளில் கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்தது.

அன்றைக்கு ரேடியோ என்றால் வால்வு. வால்வுக்கு நூறு, இருநூறு வோல்ட் வேண்டும். கார் பேட்டரியோ அந்தக் காலத்தில் வெறும் 6 வோல்ட். முதலில் வண்டியின் தரைக்கு அடியில் தனி பேட்டரிகளை வைத்து ஒப்பேற்றினார்கள். சில வருஷங்களில் வைப்ரேட்டர் என்று ஒரு சமாசாரம் வந்தது. ஒரு இரும்பு நாக்கு விர்ர்ரென்று அடித்துக்கொண்டே பேட்டரி மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும். அதை டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாக்கும். பாட்டுக்கு அடியில் ஒரு வண்டு ரீங்காரம் இலவசம்.

1955-இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் முழுக்க டிரான்சிஸ்டராலேயே ஆன கார் ரேடியோவை அறிவித்தார்கள். விலை 150 டாலர். டிரான்சிஸ்டர் 12 வோல்ட்டிலேயே வேலை செய்யும். வைப்ரேட்டருக்கு வேலை போனது.

ஆனால் 12 வோல்ட்டில் ஒரு சங்கடம் உண்டு. நான் பி.காம். எனக்கே புரிந்த கணக்கு என்பதால் பயப்படாமல் படியுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு 4 ஓம் ஸ்பீக்கருக்கு நேரடியாக எவ்வளவு பவர் கொடுக்க முடியும்? சுருக்காமல் பார்த்தால் ஆறரை வாட். அவ்வளவுதான்! எந்த ஐன்ஸ்டீன் வந்தாலும் அதற்கு மேல் போகாது. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிராகத் தள்ளி இழுக்கும் 'பிரிட்ஜ்' முறையில் கணக்குப்படி 26 வாட் வரும். கையில் கிடைப்பது இருபதுக்குக் கிட்டத்தட்ட.

ஜப்பானின் சான்யோ கார் ஸ்டீரியோவுக்கென்று செய்த ஐசி ஒன்றின் விவரத்தாளை எடுத்துப் பாருங்கள். இரண்டு சேனலுக்கு ஆறாறு வாட், பிரிட்ஜ் போட்டால் 19 வாட். நம் கணக்கு அப்படியே இருக்கிறது. அந்த ஐசியின் பெயர் எல்ஏ4440.

கேசட் காலத்தில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் உங்கள் தெரு டீக்கடையில் பாடியது பெரும்பாலும் இதுதான். காருக்குப் பிறந்த ஐசி, கார் இல்லாத தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு புகுந்தது. இங்கே 1983 டிசம்பரில்தான் மாருதி 800 வந்தது. ஆனால் ரிச்சி தெருவில் ஒரு 4440 போர்டு, ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பிளைவுட் பெட்டிக்குள் இரண்டு ஸ்பீக்கர் வாங்கினால் 'அசெம்பிள் செட்' தயார். கம்பெனி செட் வாங்க வசதியில்லாதவனின் ஸ்டீரியோ அது. எத்தனை பாலிடெக்னிக் பையன்கள் இந்த 14 கால் பூச்சியில்தான் ஈயம் வைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை.

ஆறு வாட் போதாது என்பவர்களுக்காகத்தான் தனிப் பெட்டி வந்தது. அதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா? நம் பழைய வைப்ரேட்டர்! இரும்பு நாக்குக்குப் பதிலாக மாஸ்ஃபெட்டுகள் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை பேட்டரி மின்சாரத்தை வெட்டுகின்றன. வட்ட டிரான்ஸ்ஃபார்மர் அதைக் கூட்டல் 30, கழித்தல் 30 வோல்ட் என்று உயர்த்துகிறது. பிறகுதான் பாட்டு. 1955-இல் வேலை போனவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

ஆக, பவரைத் தீர்மானிப்பது அந்த வோல்ட்டும் ஸ்பீக்கரின் ஓமும். டிரான்சிஸ்டரைப் பெரிதாக மாற்றினால் வாட் ஏறாது. வாட்டர் டாங்க் அதே உயரத்தில் இருக்க, குழாயை மட்டும் மாற்றுவது போலத்தான்.

பிறகு எதைத்தான் மாற்றுவது? திருத்தணி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் சொன்னது: "சார், எல்லாரும் பவர் ஏத்திக் குடுன்றாங்க. வயசானதை மாத்திக் குடுன்னு ஒருத்தர் கேக்க மாட்றாங்க."

பெட்டிக்குள் வயசாவது யாருக்கு? எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கு. மெக்கானிக்குகள் இன்றும் 'கண்டென்சர்' என்றே சொல்கிறார்கள். டிரான்சிஸ்டர் அடிபட்டுச் சாகும். கண்டென்சர் காய்ந்து சாகும். உள்ளே இருக்கும் ஈரப்பசை சூட்டில் மெல்ல ஆவியாகிறது. காமர்ஸ் படித்தவர்களுக்குப் பழக்கமான தேய்மானம்தான். ஆனால் இங்கே தேய்மான விகிதம் வருஷத்தைப் பார்க்காது, வெப்பத்தைப் பார்க்கும். பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்ட கண்டென்சர், 65 டிகிரியில் 8,000 மணி நேரம் தாங்கும். அதே 2,000 மணி நேரத்துக்கான 105 டிகிரி ரகத்தைப் போட்டால்? 32,000 மணி நேரம்! விலை வித்தியாசம் சில ரூபாய். திருத்தணி வெயிலில் நாள் முழுக்க நிற்கும் தகர வேனுக்கு இதைவிட நல்ல முதலீடு கிடையாது.

இதைத்தான் நான் உண்மையான அப்கிரேடு என்பேன். அளவு அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அதே அல்லது ஒரு படி மேல், வெப்பத் தாங்கல் 105, உள்தடை குறைந்த ரகம். மைக்ரோஃபாரடை இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள். ஆன் செய்யும் கணத்தில் காலி கண்டென்சர் பசியோடு மின்சாரத்தை இழுக்கும். அந்தப் பாரம் மாஸ்ஃபெட் தலையில் விழும்.

அடுத்து 4558 என்று ஒரு எட்டுக்கால் ஐசி. பழைய ஆம்ப்களில் சத்தத்தைத் தயார் செய்து அனுப்புவது பெரும்பாலும் அதுதான். அதைப் பிடுங்கிவிட்டு என்இ5532 போட்டால் இரைச்சல் குறையும் என்பார்கள். சரிதான், குறையும். ஆனால் 5532 சுமார் இரண்டு மடங்கு மின்சாரம் சாப்பிடும். பழைய போர்டில் அதற்குச் சோறு போடுவது ஒரு சின்ன ஸீனர் டையோடும் ஒரு ரெசிஸ்டரும். விருந்தாளி வந்த வீட்டில் பானையைப் பார்க்காமல் இலை போடக்கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை போலி. சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவை 2011-இல் அமெரிக்காவின் ஆன் செமிகண்டக்டர் வாங்கிவிட்டது. ஆகவே இன்று சான்யோ முத்திரையோடு பளபளவென்று ஒரு புது 4440 கிடைத்தால் சந்தேகப்படுங்கள். வெளியீட்டு டிரான்சிஸ்டரில் தோஷிபாவின் சி5200, ஏ1943 ஜோடிக்கும் இதே கதி. மேலே எழுத்து சரியாக இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலிக்கான் துண்டு கடுகளவு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரிஜினலைக் கழற்றிவிட்டு இதைப் போடுவதற்குப் பெயர் அப்கிரேடா? உயிரோடு இருக்கும் பழைய டிரான்சிஸ்டரைத் தொடாதீர்கள்.

ஃபியூஸையும்தான். 20 ஆம்பியர் அடிக்கடி போகிறதென்று 40 போடுவது, அல்லது சிகரெட் ஃபாயிலைச் சுற்றுவது, நம் ஊரின் புராதனக் கலை. கார் பேட்டரி சில நூறு ஆம்பியரை அசராமல் கொடுக்கும். வயர் பற்றிக்கொண்டால் வேனில் இருபது பேர், வெளியே வர ஒரு கதவு.

ரிப்பேர் முடிந்ததும் நல்ல மெக்கானிக் ஆம்ப்பை நேரே பேட்டரியில் கொடுக்கமாட்டார். நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடராகக் கட்டுவார். ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால், கண்டென்சர்கள் வயிறு நிரம்பிவிட்டன, தைரியமாகப் பாட்டுப் போடலாம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் எங்கோ ஷார்ட். பெட்டியைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.