டொமைன் வாங்கப் போறீங்களா? பதிவு யார் பேர்ல இருக்குன்னு முதல்ல பாருங்க!

கடைக்கு வெப்சைட் தொடங்க முதலில் தேவை டொமைன், அதாவது இணைய முகவரி. இதை நிரந்தரமாக வாங்க முடியாது. 1 முதல் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்து, பிறகு புதுப்பிக்க வேண்டும்.

பெயர் சின்னதாக, காதில் கேட்டதுமே டைப் செய்யும்படி இருக்கட்டும். பிரபல பிராண்டுகளின் பெயர் வேண்டாம். புகார் வந்தால் பறிபோகலாம். இந்தியாவுக்கான 'டாட் இன்' முகவரிகளை நிக்சி அமைப்பு நிர்வகிக்கிறது. தமிழிலேயே 'டாட் இந்தியா' முகவரியும் கிடைக்கும்.

முக்கியமான விஷயம் இதுதான். வெப்சைட் செய்து தருபவரே டொமைனையும் பதிவு செய்து தருவார். அதில் உங்கள் பெயரும் மெயில் ஐடியும் இருக்கிறதா என்று பாருங்க. புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அந்த ஐடிக்குத்தான் வரும். கவனிக்காமல் விட்டால், பின்னர் உங்கள் கடைப் பெயரை வேறு யாரும் பதிவு செய்துகொள்ளலாம்.