பயிற்சி விமானத்துக்கு இரண்டாவது இறக்கை தேவையா? டைகர் மோத்தும் அதன் பின்வந்தவையும்

டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டி.எச். 82 டைகர் மோத், இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் உருவான ஈரிறக்கைப் பயிற்சி விமானம். 1931 ஒக்டோபர் 26இல் முதன்முதலாகப் பறந்தது; அடுத்த ஆண்டு பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்தது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. பயிற்சிக்கு அது பெற்ற நற்பெயரை அதன் ஈரிறக்கை வடிவத்தோடு சேர்த்தே பேசுவது வழக்கம். இந்தியாவும் இலங்கையும் 1950களில் கைக்கொண்ட பயிற்சி விமானங்களோடு ஒப்பிட்டால் அந்தத் தொடர்பு வலுவற்றது என்பது தெளிவாகும்.

இரண்டு இறக்கைகள் கட்டுமானத் தேவையால் வந்தவை. மரச்சட்டமும் துணியுமாக அமைந்த மெல்லிய இறக்கை தனித்து நின்றால் வளையும். இரண்டைத் தாங்குகால்களாலும் கம்பிகளாலும் பிணைத்தால், எடை கூடாமலே உறுதி கிடைக்கும். ஆனால் இதே அமைப்புப் பயிற்சிக்கு இடையூறாகவும் இருந்தது. முன்னிருக்கைக்கு மேலே இறக்கையும் எரிபொருள் தாங்கியும் இருந்ததால், ஆபத்தில் வான்குடையோடு வெளியேறுவது கடினம். ஆகவே மேல் இறக்கையை முன்னே நகர்த்தினர். அதனால் குலைந்த சமநிலையை மீட்க இறக்கைகளைப் பின்னோக்கிச் சரித்தனர். டைகர் மோத்தின் தனித் தோற்றம் இந்தத் திருத்தத்தால் வந்தது.

பயிற்சிக்கு உதவிய கூறுகள் வேறு. ஆசிரியர் முன்னும் மாணவர் பின்னும் அமர, இருவருக்கும் இயக்குகருவிகள் இருந்தன. பேச்சுக் குழாய் வழியாக அறிவுரை சென்றது. 130 குதிரைவலு ஜிப்சி மேஜர் இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ 175 கிலோமீற்றர் வேகத்துக்கே இடம் தந்தது. பக்கவாட்டில் சாய்க்கும் மடல்கள் கீழ் இறக்கையில் மட்டும் இருந்ததால் சாய்வு மந்தமாகவே வந்தது. திருப்பத்தில் கையும் சுக்கானை இயக்கும் காலும் இசையாவிட்டால் விமானம் பக்கவாட்டில் வழுக்கும். திறந்த இருக்கையில் கன்னத்தில் அறையும் காற்றே அதைச் சொல்லிவிடும். பறப்பது எளிது, செம்மையாகப் பறப்பது அரிது. பிழையைத் தண்டிக்காமல் காட்டிக்கொடுக்கும் இயல்பே ஆசிரியருக்கு வேண்டியது.

இரண்டாம் உலகப் போரின்போது பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் இருந்த தொடக்கப் பறப்புப் பள்ளிகள் இவ்விமானத்தையே பயன்படுத்தின. பின்னர் இந்தியாவில் அதன் இடத்தைப் பிடித்த எச்.டி. 2, பெங்களூரில் வி. எம். காட்கேயின் வடிவமைப்பில் உருவாகி 1951இல் பறந்த உலோக ஓரிறக்கை விமானம். அதே ஆண்டு தொடங்கிய அரச இலங்கை விமானப்படை, 1946இல் கனடாவில் முதன்முதலாகப் பறந்த சிப்மங்க்கைப் பயிற்சிக்குக் கொண்டது. அதுவும் ஓரிறக்கையே. முன்பின் இருக்கைகளும் இரட்டை இயக்குகருவிகளும் சிறிய இயந்திரமும் இரண்டிலும் தொடர்ந்தன. சிப்மங்க்கில் ஜிப்சி மேஜர் குடும்பமே நீடித்தது.

தரையும் மாறியிருந்தது. டைகர் மோத்துக்குப் பிரேக் இல்லை. வாலடியில் சில்லுக்குப் பதில் சறுக்குக்கட்டை. காற்று வரும் திசைக்கெல்லாம் எதிர்கொண்டு இறங்கத்தக்க புல்வெளிக்கே அது ஏற்றது. இலங்கையின் வடக்கே, போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த பலாலி போன்ற தளங்களில் ஓடுபாதையின் திசை நிலையானது. பக்கக் காற்றிலும் இறங்க நேரும். இத்தகைய தளங்களுக்குப் பிரேக்கும் வாற்சில்லும் கொண்ட சிப்மங்க் பொருந்தியது.

உலோகக் கட்டுமானம் வந்ததும் இரண்டாவது இறக்கை கைவிடப்பட்டது. பயிற்றும் முறையோடு பிணைந்த கூறுகள் மட்டும் நிலைத்தன. டைகர் மோத்தின் பெருமையை இக்கூறுகளில் காண்பதே பொருத்தம்.