கரண்ட் வைத்த கதை

திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தில் ரெடிமேட் சட்டை தைப்பது ஊர்த்தொழில். நாள் முழுக்கக் குனிந்து காலரும் கையும் தைக்கிறவர்களில் பலருக்குச் சில வருஷத்திலேயே இடுப்பும் பிடரியும் கடுக்க ஆரம்பித்துவிடும். தைலம், மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் பிசியோதெரபிக்குப் போய் ‘கரண்ட் வைத்துக்கொள்வார்கள்’. வலிக்கிற இடத்தில் ஜெல் தடவிய ரப்பர் பட்டைகள், அவற்றோடு ஒயரில் கோத்த சின்னப் பெட்டி. குமிழைத் திருப்பினால் தோலுக்கடியில் குறுகுறுக்கும். “இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்கம்மா” என்பார்கள். எழுந்து வரும்போது வலி குறைந்திருக்கும். பலருக்கு ராத்திரியே திரும்பிவிடும்.

அந்தப் பெட்டிக்கு டென்ஸ் என்று பெயர். இன்றைய உருவில் அது நோய் தீர்க்கவே பிறக்கவில்லை. யாருக்கு ஆபரேஷன் செய்யலாம் என்று சோதித்துப் பார்க்கப் பயன்பட்ட கருவி.

வலிக்கு மின்சாரம் என்ற யோசனை மட்டும் மிகப் பழசு. கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய வைத்தியர், கீல்வாதக்காரரை ஈரக் கடற்கரையில் உயிருள்ள மின்திருக்கை மேல் நிற்கச் சொன்னார், முழங்கால் வரை மரத்துப்போகும் மட்டும். மரத்தது. ஏன் என்று சொல்ல ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கும் மேல் ஆனது.

அதற்கு முதலில் நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. நரம்பில் ஓடும் சேதியின் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று ஜெர்மன் உடலியல் அறிஞர் யோஹன்னஸ் முல்லர் எழுதிவைத்திருந்தார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் அளந்தே காட்டினார். தவளைக் காலின் நரம்பை, தசைக்குப் பக்கத்தில் ஒருமுறையும் தள்ளி ஒருமுறையும் தூண்டி, தசை துடிக்க எடுத்த நேரத்தின் வித்தியாசத்தைக் கணக்கிட்டார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கம்பியில் பாயும் மின்சாரம் இப்படி நிதானமாகப் போகாது. நரம்புச் சுவரில் சோடியம் அயனி உள்ளே பாய, பொட்டாசியம் வெளியேற, பக்கத்து இடம் கிளர்ந்தெழ, சேதி ஒவ்வோர் இடத்திலும் புதிதாகப் பிறந்து நகர்கிறது. இதை பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பில் ஆராய்ந்து 1952இல் கணக்காகவே எழுதினார்கள்.

எல்லா நரம்பிழைக்கும் ஒரே வேகமும் கிடையாது. தொடுகையைச் சொல்லும் தடித்த இழைகளில் சேதி நொடிக்கு 50 மீட்டர் அளவில் பாயும். எரிச்சலான வலியைச் சொல்லும் மெல்லிய இழைகளில் ஒரு மீட்டர்தான், நாம் நடக்கிற வேகம். தையல் ஊசி விரலில் ஏறினால் முதலில் சுரீர் என்று ஒரு குத்து. கையை இழுத்துக்கொண்ட பிறகுதான் அந்தக் காந்தல். இரண்டும் வெவ்வேறு இழைகளில் வந்தவை.

இந்த வேறுபாட்டைத்தான் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை அல்ல, அமெரிக்கா) பழகியவர்கள். முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு கதவு இருக்கிறது, தடித்த இழைகளில் சேதி நிறைய வந்தால் அது சாத்திக்கொள்ளும் என்று 1965இல் எழுதினார்கள். முட்டி இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்ப்பதற்கு அப்போதுதான் ஒரு காரணம் கிடைத்தது. அவர்கள் வரைந்த படத்தின் விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டன, கதவு என்ற யோசனை மட்டும் நிலைத்துவிட்டது.

தேய்ப்பதற்குப் பதில் மின்துடிப்பு கொடுத்தால்? வாலும் பாஸ்டன் மூளை அறுவை நிபுணர் வில்லியம் ஸ்வீட்டும் முதலில் தங்கள் முகத்து நரம்பிலேயே மின்முனையைச் செலுத்திப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாட்பட்ட வலியுள்ள எட்டு நோயாளிகளுக்கு நொடிக்கு 100 துடிப்பு. இரண்டே நிமிஷம் கொடுத்ததில் நான்கு பேருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வலி தெரியவில்லை. 1967இல் இது வெளியானது. அதே வருஷம் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க அறுவை நிபுணர், முதுகுத்தண்டின் மேலேயே மின்முனையைப் பதித்தார். அது பெரிய ஆபரேஷன். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிப் பார்க்க, தோலின் மேல் கரண்ட் வைத்தார்கள். சிலருக்கு அந்தச் சோதனையே போதுமாக இருந்தது! ஆபரேஷனே வேண்டாம் என்றார்கள். 1970களில் அது தனிக் கருவியாகி, சந்தைக்கு வந்து, நாளடைவில் நம் ஊர்ப் பிசியோதெரபி மேசைக்கும் வந்து சேர்ந்தது.

அப்படியானால் ராத்திரி வலி ஏன் திரும்புகிறது? கரண்ட் கதவைத்தான் சாத்துகிறது. வலிக்கு மூலமான எதையும் அது மாற்றுவதில்லை. இன்னொன்றும் உண்டு. வாலின் ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளிஃபர்ட் வுல்ஃப், எலிகளின் காலில் காயம்பட்டபின் முதுகுத்தண்டைக் கவனித்தார். காயம்பட்ட இடத்தை மருந்தால் மரக்கச் செய்தும், தண்டில் ஏற்பட்ட மிகையான கிளர்ச்சி முழுதாக அடங்கவில்லை. 1983இல் அதை எழுதினார். மெல்லிய இழைகள் ஓயாமல் சேதி அனுப்பினால் தண்டின் செல்களே மாறிப்போகலாம். அப்புறம் லேசான அழுத்தம்கூட வலியாகப் பதிவாகும். நாட்பட்ட வலி எல்லாமே இந்த ரகம் இல்லை. ஆனால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் “சும்மா நடிக்கிறா” என்று வீட்டில் பேச்சு வாங்கும் மருமகளுக்கு இந்த ஆராய்ச்சி பெரிய துணை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் நாட்பட்ட வலிக்கு இப்போது தனி இடம் உண்டு. 2022இல் நடப்புக்கு வந்தது.

இடுப்பு வலிக்கு டென்ஸ் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2016இல் சொல்லிவிட்டது. பலனுக்குப் போதிய சான்று இல்லையாம். எனக்கு அது முழுக்கச் சரி என்று தோன்றவில்லை. வலி அடங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் குனியவும் நிமிரவும் நடக்கவும் பழக்கினால் அதற்கு ஒரு பயன் இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்டும் கரண்டுக்குப் பிறகு பயிற்சி என்றுதான் சொல்வார். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர் பட்டையைக் கழற்றியதும் மிஷினுக்கு ஓடிவிடுகிறார். பயிற்சிக்கு நிற்கிற நேரத்தில் இரண்டு காலர் தைத்துவிடலாமே.