முளா, முட்டா: ஆற்றுப்பெயர்களும் ஒலிபெயர்ப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் முளா ஆறு, புணேயை அடுத்த சாங்விப் பகுதியில் பவனாவை ஏற்கிறது. பவனாவின் பெயர் அங்கே மறைகிறது. ஆனால் புணேயில் முட்டா கூடியபின், துங்கபத்திரை போல், இருபெயரும் இணைந்து முளா-முட்டா என்றாகிப் பீமாவில் கலக்கும்வரை வழங்குகின்றன.

ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் நோக்குவோர் இவற்றை 'மூலா', 'முத்தா' எனப் படிக்க நேரும். மராத்தியில் முன்னதில் ளகரமும், பின்னதில் மூச்சொலியுடைய டகர இன ஒலியும் உள்ளன. முளா அணைக்கு எதிராக 1921இல் தொடங்கிய அறப்போரால் அறியப்பட்ட முளசியின் பெயரிலும் அதே ளகரம் உண்டு. 'முல்ஷி' என்றெழுதின் அவ்வொப்புமை மறைந்துபோகும்.

மூச்சொலியைக் குறிக்கத் தமிழில் எழுத்தில்லை. அதன் வல்லோசையை டகர இரட்டிப்பால் காட்டலாம். ளகரமோ இருமொழிக்கும் பொது. ஆங்கில எழுத்து இழந்ததைத் தமிழும் இழக்க வேண்டுவதில்லை.